சிப்பாயும் மேஸ்திரியும்

பிப்ரவரி 3

என் வீட்டுக்காரிக்கு,

இதை எழுதுவது நான்தான். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா எழுதித் தரவில்லை. சந்தேகமாக இருந்தால் எழுத்தைப் பார். ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே இறங்கும். என்னைத் தவிர யாருக்கும் இப்படி எழுத வராது.

நீ பேத்தியைப் பார்த்துக்கொள்ள விமானம் ஏறிய இரண்டாவது மாதமே நூலகத்துச் சாயங்கால வகுப்பில் சேர்ந்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. பாதியில் விட்டுவிட்டால் மானம் போகுமே என்ற பயம்தான். இப்போது எழுபதாவது வயதில் தெருவே என்னோடு பேசுகிறது. எதிர்ச் சந்து மாடியில் இருப்பவர் பல் டாக்டர் என்று நினைத்து இத்தனை வருடம் அவரைக் கண்டால் வாயை மூடிக்கொண்டு போவேன். பலகையைப் படித்தேன். வக்கீலாம்.

முப்பத்திரண்டு வருடம் தபால் பிரிக்கும் நிலையத்தில் மூட்டை சுமந்தேன். எந்த மூட்டை எந்த வண்டிக்கு என்று அட்டையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உள்ளே என்ன இருக்கும் என்று மட்டும் தெரியாது. இப்போது என்னுடையதே ஒன்று மூட்டைக்குள் போகிறது. உன்னிடம் வந்து சேர எட்டு நாள் ஆகும். அந்தக் கணக்கு எனக்கு அத்துப்படி.

எங்கள் டீச்சரம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு. “கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. மனசுல இருக்கிறதைக் கலக்காதீங்க, அது அப்புறம்” என்பார். வீட்டில் பார்க்க வேறு என்ன இருக்கிறது? நம் இரண்டு நாய்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காலையில் நடக்கப் போனால், உன் செல்லம் சிப்பாய் ஒரு கம்பத்தையும் விடுவதில்லை. நூலகம்வரை பதினேழு கம்பம். பதினேழுக்கும் காலைத் தூக்கி முத்திரை குத்துகிறான். கடைசி நாலைந்துக்கு ஒன்றும் வராது, ஆனாலும் தூக்குகிறான். என் மேஸ்திரி ஒரே இடத்தில் வேலையை முடித்துவிட்டு, சங்கிலியை வாயில் பிடித்துக்கொண்டு, போகலாமா என்று நிற்கிறாள். ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்தவர்கள். ஆண் நாய்க்கும் பெண் நாய்க்கும் இத்தனை வித்தியாசமா என்று எனக்கு ஆச்சரியம்.

இன்னொன்று. சாயங்காலம் ஆறு மணிப் பேருந்து வரும்போது சிப்பாய் கேட்டருகே போய் நிற்கிறான். நீ பெட்டியோடு ஏறிப் போனது அந்தப் பேருந்தில்தானே. எல்லோரும் இறங்கி முடியும்வரை பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான். மேஸ்திரிக்கு அதெல்லாம் கிடையாது. ஆண் பிள்ளைக்குத்தான் மனசு இளக்கம் என்று தோன்றுகிறது.

நீ நலமா?

கைநாட்டு வைக்காமல்
கையெழுத்துப் போடும்
உன் கணவன்


பிப்ரவரி 14

என்னங்க,

கடிதத்தைப் பிரித்ததும் அழுதுவிட்டேன். மகள் குளியலறையிலிருந்து தலையில் நுரையோடு ஓடிவந்தாள், யாருக்கு என்ன ஆச்சு என்று. உங்கப்பா எழுதியிருக்கார்டி என்றேன். அவளும் நுரையோடே பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். மாப்பிள்ளை அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.

அழுது முடித்த பிறகு எண்ணிப் பார்த்தேன். இரண்டு பக்கம் நாய்க்கு. எனக்கு ‘நீ நலமா’ என்ற ஒரே வரி. போனில் பேசினாலும் இதே கதைதான். ‘ம்’, ‘சரி’, ‘சாப்பிட்டேன்’. மூன்று சொல்லோடு போனை வைத்துவிடுவீர்கள். நாய்களோடு இத்தனை பேசுவீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

ஆனாலும் என் சிப்பாய் என்னை மறக்கவில்லை என்று படித்தபோது வயிறு குளிர்ந்தது. உங்கள் மேஸ்திரி காரியக்காரி. குட்டியாக இருக்கும்போதே, நான் வீட்டைக் கூட்டினால் சரியாகக் கூட்டுகிறேனா என்று பின்னாலேயே வந்து பார்த்தவள்தானே.

இப்போது ஒரு முக்கியமான விஷயம். மகளுக்கு விடுமுறை முடிகிறது. பேத்தி பள்ளிக்கூடம் போகும்வரை நான் இங்கேயே இருக்க வேண்டும் என்கிறாள். நீங்களும் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிட வேண்டுமாம், நிரந்தரமாக. ஏப்ரலில் டிக்கெட் எடுக்கிறார்களாம். ஆனால் இந்தக் கட்டிடத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான். லிஃப்ட்டுக்குள்ளேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

இரண்டில் எது என்று நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்கள். மற்றதற்கு நல்ல இடம் தேடுங்கள். எனக்கு இதை எழுதவே கை வரவில்லை. ஆனால் எனக்கு இங்கேயும் ஒரு வேலை இருக்கிறது. மணிக்கு ஒரு தரம் என்னைத் தேடி அழ ஒருத்தி இருக்கிறாள். அங்கே என்னை யார் தேடுகிறார்கள், சிப்பாயைத் தவிர?

வேளைக்குச் சாப்பிடச் சொல்லும்
உங்கள் வீட்டுக்காரி


பிப்ரவரி 24

என் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. லிஃப்ட் வரியில் மட்டும் தடுக்கி விழுந்தேன்.

நோட்டின் நடுவில் கோடு போட்டிருக்கிறேன். இடது பக்கம் சிப்பாய், வலது பக்கம் மேஸ்திரி. வகுப்புக்காகப் பத்து நாளாகப் பார்த்து வைத்ததையெல்லாம் இப்போது பிரித்து எழுதுகிறேன். இரண்டும் மோப்பம் பிடித்துவிட்டன போல. நான் பேனாவை எடுத்தால் சிப்பாய் மடியில் ஏறுகிறான், மேஸ்திரி நோட்டின்மேல் உட்காருகிறாள்.

இடி இடித்தது. திருடன் வந்தால் கிழித்துவிடுவேன் என்று தெருவுக்கே சவால் விடும் சிப்பாய், கட்டிலுக்கு அடியில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டான். உடம்பு முழுக்க வெளியே. நம்மை யாரும் பார்க்கவில்லை என்று நினைப்பு. மேஸ்திரி ஜன்னலருகே உட்கார்ந்து மழையைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அவன் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தாள். அதையும் தற்செயலாகப் படுத்தது போலத்தான் செய்தாள்.

பின்கதவுத் தாழ்ப்பாளை மூக்கால் நெம்பித் திறக்க மேஸ்திரி மூன்றே நாளில் கற்றுக்கொண்டாள். சிப்பாய்க்கு நாலு வருடமாக வரவில்லை. ஆனால் அவள் திறந்ததும் முதலில் வெளியே போவது அவன். வாலைத் தூக்கிக்கொண்டு, தானே திறந்த மாதிரி.

பூச்சி மாத்திரை கொடுத்தேன். சிப்பாய் ரொட்டியில் வைத்ததைப் பார்க்காமலே விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டான். மேஸ்திரி ரொட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையை என் செருப்பில் துப்பினாள்.

திட்டினால் சிப்பாய் அந்த நிமிடமே மறந்துவிட்டுக் கையை நக்குகிறான். மேஸ்திரி மறப்பதில்லை. செவ்வாய்க்கிழமை அவளைத் திட்டியதற்கு வெள்ளிக்கிழமைதான் என் முகத்தைப் பார்த்தாள்.

இதையெல்லாம் நாய் டாக்டரிடம் வாசித்துக் காட்டினேன். வரிசையில் இருந்தவர்களும் கேட்டார்கள். டாக்டர் சிரித்தார். “ஆணுக்குக் கொஞ்சம் கொஞ்சல் ஜாஸ்தி, பொண்ணு கொஞ்சம் தன் இஷ்டம்னு பொதுவா சொல்வாங்க, பெரியவரே. ஆனா ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் ஆயிடுச்சு. மிச்சமெல்லாம் வீட்டுல யாரைப் பார்த்து வளர்ந்துச்சோ, அது மாதிரிதான் இருக்கும்.” நம் வீட்டில் யாரைப் பார்த்து வளர்ந்தன? நம்மைத்தான். அப்படியானால் சத்தம் போடுவது யார், முறைத்துக்கொண்டிருப்பது யார் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

லிஃப்ட் உள்ள வீட்டுக்கு எது சரிப்படும்? சிப்பாயானால் லிஃப்டில் ஏறுகிற எல்லோரையும் சொந்தக்காரர் ஆக்கிவிடுவான். மேஸ்திரியானால் ஒரு வாரத்தில் பொத்தானை அமுக்கக் கற்றுக்கொள்வாள். இடது பக்கம் படித்தால் அவன் என்று தோன்றுகிறது. வலது பக்கம் படித்தால் அவள்.

நேற்று ஆறு மணிக்கும் மழை விடவில்லை. சிப்பாய் நனைந்துகொண்டே கேட்டருகே நின்றான். எத்தனை கூப்பிட்டும் வரவில்லை. அப்புறம் தலை துவட்டவும் விடவில்லை.

இரண்டு நாளில் இத்தனை எழுதி
விரல் வலிக்கும்
உன் கணவன்


மார்ச் 6

என் வீட்டுக்காரிக்கு,

உன் பதில் வரும்வரை காத்திருக்காமல் முடிவு பண்ணிவிட்டேன். காத்திருந்தால் மனம் மாறிவிடும்.

சிப்பாயை அழைத்து வருகிறேன். அவன் உன் பிள்ளை. ஐந்து வாரக் குட்டியாக உன் முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்தாயே. அங்கே பேத்தி தூங்கும்போது உன் காலடியில் படுக்க அவன்தான் சரி. கேட்டருகே அவன் நிற்பதைப் பார்த்த பிறகு வேறு மாதிரி முடிவு பண்ண முடியாது.

மேஸ்திரியை முனைச் சைக்கிள் கடைக்காரர் கேட்டார். நல்ல மனிதர். கடை வாசலில் நிழல் உண்டு, நாள் முழுக்க வேடிக்கை உண்டு. பழகட்டும் என்று நேற்றே கொண்டுபோய் விட்டேன். நான் திரும்பி நடந்தபோது சிப்பாயாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பான். அவள் சத்தமே போடவில்லை. பஞ்சர் ஒட்டும் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு எங்கே இருந்தாலும் ஒன்றுதான் போல.

வீட்டுக்கு வந்து நோட்டில் வலது பக்கத்தைத் திறந்தேன். எழுத ஒன்றும் இல்லை.

எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை என்று சொல்லும்
உன் கணவன்


மார்ச் 6

என்னங்க,

உங்கள் இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் பேத்திக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். செருப்பில் மாத்திரை துப்பிய இடத்தில் அவள் சிரித்தாள். வாயுவாக இருக்கும் என்கிறாள் மகள். நான் நம்பவில்லை.

உங்களுக்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மேஸ்திரியை அழைத்து வாருங்கள். சிப்பாய்க்கு யார் ரொட்டி கொடுத்தாலும் அவர்தான் முதலாளி. எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வான். மேஸ்திரி ஒரே ஆளோடு ஒட்டுகிற ஜாதி. அது நீங்கள். போன வருடம் நீங்கள் காய்ச்சலில் ஒரு வாரம் யாரோடும் பேசாமல் படுத்திருந்தபோது, கட்டில் கால் பக்கத்தை விட்டு அவள் நகர்ந்தாளா? எனக்குச் சிப்பாய் இல்லாவிட்டால் பரவாயில்லை. பேத்தி இருக்கிறாள்.

ஆனால் ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தையல்கார அக்கா போனில் வந்தாள். என் சிப்பாய் தினமும் கேட்டருகே எனக்காக நிற்கிறானாமே என்று பெருமையாகச் சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

“சிப்பாயா? ஆறு மணிக்கு அது என் மெஷினுக்கு அடியில துணித்துண்டு மேல குறட்டை விட்டுக்கிட்டுக் கிடக்கும். பிஸ்கட் போடுறேன்ல. கேட்டுல நிக்கிறது உன் வீட்டுக்காரரு. மழைன்னும் பார்க்காம நிக்கிறாரு. பக்கத்துல மேஸ்திரி உட்கார்ந்திருக்கும், வேற பக்கம் பார்த்துக்கிட்டு.”

உங்கள் டீச்சரம்மா கண்ணால் பார்த்ததை மட்டும்தானே எழுதச் சொன்னார்?

பதிலுக்காக நாள் எண்ணும்
உங்கள் வீட்டுக்காரி


மார்ச் 15

என் வீட்டுக்காரிக்கு,

நம் கடிதங்கள் இரண்டும் நடுவழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. நான் உன் பிள்ளையைக் கூட்டி வருகிறேன் என்கிறேன். நீ என் பிள்ளையைக் கூட்டி வா என்கிறாய்.

முதலில் மேஸ்திரி. சைக்கிள் கடையில் இரண்டு நாள் இருந்தாள். இங்கே சிப்பாய் அந்த இரண்டு நாளும் பின்கதவின் முன்னால் உட்கார்ந்து தாழ்ப்பாளையே பார்த்தான். தன் தட்டைக் காலி பண்ணினான். அவள் தட்டில் வைத்திருந்ததைத் தொடவில்லை. நாலு வருடமாக அவள் தட்டில் திருடித் தின்றவன் அவன்தான். மூன்றாம் நாள் காலையில் மூக்கு நெம்பும் சத்தம் கேட்டது, வெளிப்பக்கத்திலிருந்து. கதவைத் திறந்தால் மேஸ்திரி. வாயில் சைக்கிள் கடைக்காரரின் கையுறை ஒன்று. என்னைப் பார்க்கவில்லை. நேராகத் தன் தட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்தாள். நாலு நாள் என்னோடு பேச்சு இல்லை. கையுறையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சைக்கிள் கடைக்காரர், “வேற நாய் பார்த்துக்கிறேன் ஐயா, இது ஏற்கெனவே வாக்கப்பட்டது” என்றார்.

எங்கே இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான் என்று எழுதினேன். தப்பு. நான் பார்த்தது அவள் முதுகை மட்டும்தான்.

இப்போது மற்றது. டீச்சரம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். பொய் எழுதிவிட்டேன், கடிதமும் போய்விட்டது, என்ன செய்வது என்று கேட்டேன். திருத்தம் எழுதி அனுப்பச் சொன்னார். ஆகவே திருத்தம் அனுப்புகிறேன். மூன்று கடிதத்திலும், கேட்டருகே சிப்பாய் நின்றான் என்று வருகிற இடத்தில் ‘நான்’ என்று வைத்துப் படித்துக்கொள்.

ஏன் அப்படி எழுதினேன் என்றால், எனக்குச் சொல்ல வரவில்லை. போனில் பேசினால் நீ, மகள், மாப்பிள்ளை, பேத்தி எல்லோரும் கேட்கிறீர்கள். ஒரு கிழவன் என்னத்தைச் சொல்வது? ஆண் நாய் என்றால் இளக்கமாக நிற்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன்.

அங்கே உன்னை யார் தேடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நான் தேடுகிறேன். நாலு மாதம் எழுத்துக் கற்றது இந்த வரிக்காகத்தான். இதை எழுத ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று.

நீ கூப்பிட்டால் வருகிறேன். ஒரு நாயை விட்டுவிட்டு வருவதென்றால் முடியாது. உன்னால் வர முடிந்தால் நீ வா. முடியாவிட்டாலும் எழுது. கேட்டருகேதான் இருப்பேன்.

திருத்தத்தோடு
உன் கணவன்


மார்ச் 24

என்னங்க,

மூன்று கடிதத்தையும் திருத்திப் படித்தேன். ‘நான் நனைந்துகொண்டே கேட்டருகே நின்றேன். எத்தனை கூப்பிட்டும் வரவில்லை. தலை துவட்டவும் விடவில்லை.’ யார் உங்களைக் கூப்பிட்டது, யார் துவட்ட வந்தது என்று தெரியவில்லை. மேஸ்திரிதான் துண்டோடு வந்திருப்பாள்.

மகளிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கடிதத்தை மடித்து என் கையில் வைத்தாள். அப்புறம் சொன்னாள், “உனக்காகத்தாம்மா இருக்கச் சொன்னேன். எங்க ஆபீஸ்லயே குழந்தைக் காப்பகம் இருக்கு. அப்பா வாயே திறக்க மாட்டாரே, நீ அங்க போய்ச் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பியேன்னு நினைச்சேன்.”

அவள் எனக்காக இருக்கச் சொன்னாள். நான் அவளுக்காக இருந்தேன். நீங்கள் எனக்காக வீட்டைப் பூட்டக் கிளம்பினீர்கள்.

ஏப்ரல் டிக்கெட்டை என் பேருக்கு, அந்தப் பக்கமாக மாற்றியாயிற்று. நான்காம் தேதி. ஆறு மணிப் பேருந்து. ஒரே ஒரு கண்டிப்பு. இந்தக் கடிதத்தில் பேசிய அளவுக்காவது வாயால் பேச வேண்டும்.

பெட்டி கட்டும்
உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 5

என் வீட்டுக்காரிக்கு,

இது அங்கே வந்து சேரும்போது நீ அங்கே இருக்க மாட்டாய். மூட்டை சுமந்தவனுக்கு அது தெரியாதா? ஆனாலும் இந்த ஒரு விலாசம்தான் எனக்குப் பார்க்காமல் எழுத வரும். மகளே, உறையில் அம்மா பேர் இருந்தாலும் நீ பிரித்துப் படி. பேத்திக்கும் வாசித்துக் காட்டு.

உன் அம்மா நல்லபடியாக வந்து சேர்ந்தாள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

சரியாக ஆறு மணிக்குப் பேருந்து நின்றது. சிப்பாய் அன்றைக்குப் பிஸ்கட்டை விட்டுவிட்டு ஓடிவந்தான். அம்மாவைச் சுற்றி மூன்று வட்டம் அடித்தான், அவள் செருப்பை நக்கினான், புதுப் பெட்டியின் சக்கரம் உருண்டதும் பயந்து அவள் பின்னால் ஒளிந்துகொண்டு பெட்டியைப் பார்த்துக் குரைத்தான். அவள் பேருக்குக்கூட அவனைக் கடிந்துகொள்ளவில்லை. அவனைவிட அதிகமாக அவள்தான் சத்தம் போட்டாள். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. தையல்கார அக்கா மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றாள்.

மேஸ்திரி கேட்டருகே உட்கார்ந்திருந்தாள். அம்மா கிட்டே வந்ததும் எழுந்து, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். ஆறு மாதக் கோபம்.

நான் என்ன செய்தேன் என்றும் எழுத வேண்டும். அத்தனை நாள் கேட்டருகே நின்றவன், பேருந்துக் கதவு திறந்ததும் சட்டென்று உள்ளே போய்விட்டேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. சமையலறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு, காலிப் பாத்திரத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன்.

அவள் பெட்டியை உருட்டிக்கொண்டு வாசற்படிவரை வந்தாள். கேட்டையும் பார்த்தாள், சமையலறையையும் பார்த்தாள்.

“இந்த வீட்டுல ரெண்டு மேஸ்திரி இருக்காங்கன்னு எனக்கு யாரும் எழுதலையே” என்றாள்.

நாய் டாக்டர் சொன்னது சரிதான். நோட்டில் நடுவில் போட்ட கோட்டை அழித்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாடு ஆகும்போது மேஸ்திரி தற்செயலாக வந்தது போல வந்து, அம்மாவின் பாதத்தின்மேல் தாடையை வைத்துக்கொண்டாள். கால் மரத்துப் போகும்வரை அம்மா அசையவில்லை.

இப்போது அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கு எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். உனக்குத்தான் என்றேன்.

“எதிர்லதானே இருக்கேன். வாயால சொல்லுங்களேன்” என்கிறாள்.

பேனாவை மூடுகிறேன்.

உன் கணவன்